சோதனை ஊசியில் வலி ஒரே நாளில் திரும்பினால்

பாலக்கோடு தம்பிக்கு, சேலத்துல அம்மா இடுப்புல போட்ட சோதனை ஊசி சாயங்காலம் வரைதான் கேட்டுச்சு, அப்புறம் எதுக்கு நரம்பைச் சுடணும்னு கேட்டிருந்தீங்க. அது வலி எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க அந்த இடத்தை மரத்துப்போக வைக்கிற ஊசி, சில மணி நேரத்துல இறங்கத்தான் செய்யும். அந்த நேரத்துல வலி பாதிக்கு மேல குறைஞ்சுதா, அம்மாவால குனிஞ்சு நிமிர முடிஞ்சுதா? அதைத்தான் டாக்டர்கிட்ட சொல்லணும். குறைஞ்சிருந்தா வலி முதுகெலும்போட சின்ன மூட்டுகள்ல இருந்து வர வாய்ப்பு அதிகம். அந்த மூட்டு வலியைக் கொண்டுபோற சின்ன நரம்பைத்தான், வலி ரொம்ப நாள் அடங்கியிருக்க, ஊசி முனையால சுடுவாங்க. டிஸ்க் பிதுங்கி கால் வரை இழுக்குற வலிக்கு இந்தச் சிகிச்சை கேட்காது.

எக்ஸ்ரேயில பார்த்து ஊசி வெச்சு, முனையைச் சுமார் 80 டிகிரியில 60 முதல் 90 விநாடி சூடாக்குவாங்க. முழு மயக்கம் கேட்காதீங்க. கால்ல சுருக்குனு இழுத்தா அம்மா உடனே சொல்லணும், ஊசி கால் நரம்புகிட்ட போயிருக்கலாம்.

பலர் பயந்துபோறது அதுக்கு அப்புறம்தான். ஒன்றிரண்டு வாரம் வெயில்ல வெந்த தோல் மாதிரி எரியும், வலிகூட ஏறும். பலன் தெரிய மூணு வாரமாவது கொடுங்க. பெரும்பாலும் 6 மாசத்துல இருந்து ஒரு வருஷம் நிற்கும். நரம்பு திரும்ப வளர்ந்துடும், மறுபடி செய்யலாம்.

பேஸ்மேக்கர், ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை இருந்தா முன்னாடியே சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. சிகிச்சை அன்னைக்கு தொப்பூர் வழியா பைக்ல கூட்டிட்டு வர வேண்டாம், கார் பிடிங்க. காய்ச்சல், கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு இழப்பு எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க.