கணவாய் யாருக்குச் சொன்னது?

அன்புள்ள அண்ணா,

பாசிக்குடாவில் முருகைக்கல் பக்கம் நீந்தும்போது ஒரு கணவாயைப் படம் எடுத்தேன். தூரத்தில் மணல் நிறமாக இருந்தது. கிட்டப் போனதும் கருமண்ணிறமாகி முன்கைகள் இரண்டையும் தூக்கியது. இன்னும் நெருங்கினேன். உடம்பு வெளிறி, முதுகில் இரண்டு கறுப்புப் பொட்டுகள் வந்தன. அப்புறம் மையைக் கக்கிவிட்டு ஓடிவிட்டது. கணவாய்கள் நிறத்தால் பேசும் என்கிறார்களே, அது என்ன சொன்னது?

— வாழைச்சேனையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

என்ன சொன்னது என்பதைவிட யாருக்குச் சொன்னது என்று கேளுங்கள். உங்களுக்குத்தான். கைகளைத் தூக்கியபோதே அது உசாராகிவிட்டது. முதுகில் வந்த பொட்டுகள் பொய்க் கண்கள், வருகிறவனை வெருட்டுவதற்கு. அதற்கும் நீங்கள் விலகவில்லை, மை வந்தது. எங்கள் ஆட்கள்கூட இவ்வளவு பொறுமையாக எச்சரிப்பதில்லை.

விடியற்காலையில் வள்ளத்திலிருந்து இறக்கிய கணவாயைக் குனிந்து பாருங்கள். உயிர் போன பிறகும் தோலில் மண்ணிறப் புள்ளிகள் கொஞ்ச நேரம் விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் நிறமி நிரம்பிய ஒரு சின்னப் பை. பலர் சுற்றி நின்று சீலையின் விளிம்பைப் பிடித்து இழுப்பதுபோலத் தசைகள் அதை எல்லாப் பக்கமும் இழுக்கின்றன; அப்போது நிறம் பரவும். விட்டால் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடும். அந்தத் தசைகளுக்கு மூளையிலிருந்தே நரம்பு வருகிறது. முழு உடம்பும் ஒரு நொடிக்குள் மாறுவது அதனால்தான். பைகளில் இருப்பது மஞ்சள், சிவப்பு, மண்ணிறம்தான். நீலமும் பச்சையும் அவற்றுக்குக் கீழே ஒளியைத் தெறிக்கவைக்கும் வேறு கலங்களின் வேலை.

இத்தனைக்கும் கணவாய்க்கு எங்களைப்போல நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதன் கண்ணில் ஒளியுணரும் நிறமி ஒரே வகைதான். நாங்கள் நிறம் நிறம் என்று வியக்கிறோம். அதற்கு அது வெளிச்சமும் இருட்டும், வரியும் பொட்டும்.

இதை மொழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆள் பார்த்துப் பேசுகிறது என்பதில் சந்தேகமில்லை. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் குட்டிக் கணவாய்களுக்குப் பல எதிரிகளைக் காட்டினார்கள். கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் வந்தபோது பொய்க் கண்களைக் காட்டின. மோப்பத்தை நம்பும் சிறு சுறாவுக்கும் நண்டுக்கும் காட்டவில்லை, பேசாமல் ஓடிவிட்டன. பார்க்காதவனுக்குப் படம் காட்டி என்ன பயன்?

இன்னொன்று அவுஸ்திரேலியாவில் பார்த்தது, 2012இல் வெளியானது. ஆண் கணவாய் ஒன்று பெண்ணுக்கும் போட்டிக்கு வந்த இன்னோர் ஆணுக்கும் நடுவில் நிற்கிறது. பெண் இருக்கும் பக்கத்தில் ஆணுக்குரிய வரிகள், மறுபக்கத்தில் பெண்ணின் கோலம். போட்டியாளன் இரண்டு பெண்கள் நிற்பதாக நினைத்துக்கொள்வான்! அதுவும் ஒரு பெண்ணும் ஒரே ஒரு போட்டியாளனும் இருக்கும்போது மட்டும்தான் இந்த வேலை. ஆட்கள் கூடினால் பிடிபட்டுவிடும் போலிருக்கிறது. படித்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். தெளிவாக இருக்கிறது, ஆனால் சட்டம் முழுக்கக் கணவாய்தான். பக்கத்தில் சோடி இருந்ததா, எந்த மீன் கடந்து போனது, எதுவும் தெரியவில்லை. இணையத்தில் எல்லோரும் பாராட்டும் கணவாய்ப் படங்களில் பலவும் இப்படித்தான்: கமராக்காரரைக் கண்டு வெருண்ட முகம். அடுத்த முறை தூரத்திலேயே நில்லுங்கள். முருகைக்கல்லில் காலை ஊன்றாமல், கையைக் காலை ஆட்டாமல் மிதந்தால் போதும், திரும்ப மணல் நிறத்துக்கு வந்து தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும். அந்த ஆழத்தில் பிளாஷ் வேண்டாம், வெயில் போதும். ஆழம் கூடக்கூடத் தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். ஆகவே ஆழத்தில் எடுத்த படத்தை வைத்து இதுதான் அதன் நிறம் என்று அடித்துச் சொல்லாதீர்கள். வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. நொடிக்குள் மாறும் கோலத்தில் ஒற்றைப் படம் ஒரு சொல்லைத்தான் பிடிக்கும்.

வாடைக்காற்று தொடங்கினால் உங்கள் பக்கக் கடல் கலங்கிவிடும், அதற்கு முன் போய்விடுங்கள். அன்றைக்கு மணல் நிறத்தில் இருந்தபோது தூரத்திலிருந்து ஏதாவது எடுத்திருந்தால், சரியாக விழவில்லை என்று அழித்துவிடாமல் எனக்கு அனுப்புங்கள்.