தேவைப்படும் தொலைபேசி அழைப்புகளில் மட்டும் எதிரொலியை (பேசுபவரின் குரலே அவருக்குத் திரும்பிக் கேட்பதை) நீக்கும் முறைக்குத் தங்களிடம் காப்புரிமை இருப்பதாக அமெரிக்க நிறுவனம் நோட்டீஸ் அனுப்பினால், பணம் கட்டித்தான் ஆகவேண்டுமா?

நீங்கள் சிறிய கருவி நிறுவனம் ஒன்றில் பொறியாளர், மேலாளர் அந்த நோட்டீஸை உங்கள் மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். நியூ ஜெர்சியில் வேலை பார்த்தபோது எனக்கு நடந்தது அதுதான்.

தலைப்பைப் படித்து மிரளாதீர்கள். காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் எண்ணிட்டு வரும் உரிமைக்கோரல்களை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் வாசகங்களைப் படியுங்கள். ஒரு கோரலில் சொன்ன எல்லா அம்சங்களும், அல்லது அவற்றுக்கு ஈடானவை, உங்கள் கருவியில் இருந்தால்தான் மீறல். எங்களுக்கு எதிராக நீட்டிய காப்புரிமையில், அழைப்பை இணைக்கும் நேரத்திலேயே எக்ஸ்சேஞ்ச் தொலைவைப் பார்க்கும்; நெடுந்தொலைவு என்றால் மட்டும் பொதுத் தொகுப்பிலிருந்து ஓர் எதிரொலி நீக்கியை எடுத்துக் கொடுக்கும். எங்கள் கருவியோ எல்லாத் தடங்களிலும் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். மோடம் அழைப்பில் 2100 ஹெர்ட்ஸ் ஒலி, 450 மில்லிநொடிக்கு ஒருமுறை கட்டம் புரண்டு (அலை தலைகீழாகி) வந்தால் தானே ஒதுங்கிக்கொள்ளும். இரண்டும் எப்படி ஒன்றாகும்? எங்கள் முறையும் புதிதல்ல. எதிரொலி நீக்கிகளுக்கான சர்வதேசத் தொலைத்தொடர்புப் பரிந்துரை ஜி.165இன் 1988 பதிப்பிலேயே அது இருக்கிறது.

வழக்கறிஞர்கள் சண்டைக்கு வரவேண்டாம். காப்புரிமை செல்லும் என்றே அமெரிக்க நீதிமன்றம் தொடங்கும், செல்லாது என்று காட்டும் சுமை நம் தலையில், அதற்குச் சாதாரண சிவில் வழக்கைவிட வலுவான சான்று வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அதனால்தான் நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில் ‘மீறவில்லை’ என்பதை முதல் வாதமாக வைத்தேன்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். எதிரொலி நீக்கலுக்கே தாங்கள்தான் முன்னோடி என்ற தொனியில் எழுதியிருந்தார்கள். வரும் குரலைக் கொண்டு எதிரொலியை மதிப்பிட்டு, திரும்பும் ஒலியிலிருந்து அதைக் கழிக்கும் தகவேற்பு முறைக்கு (சுற்றுக்கு ஏற்பத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் முறை), அமெரிக்கத் தொலைபேசி ஆராய்ச்சி நிலையமான பெல் ஆய்வகத்தின் கெல்லியும் லோகனும் பெற்ற காப்புரிமை எண் 3,500,000. அங்கேயே பணியாற்றிய மன் மோகன் சோந்தியின் எண் 3,499,999. இரண்டும் 1970 மார்ச் 10 அன்று வழங்கப்பட்டவை. காலாவதியாகிப் பல்லாண்டு ஆகிறது. வட்ட எண் கிடைத்த காரணத்தால் ஒன்றைச் சொல்லி மற்றதை விடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

என் அறிக்கையை எல்லாரும் பாராட்டினார்கள். பிறகு நிறுவனம் பணம் கட்டிவிட்டது! வழக்கு நடத்துவதைவிட அது மலிவாம். கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மேலாளர் அடுத்த ஆண்டு நானும் ஒரு நண்பரும் எழுதிய காப்புரிமை விண்ணப்பத்தில் மூன்றாவது கண்டுபிடிப்பாளராகத் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டார். ஒரு கோரலுக்காவது கருத்து தராதவர் கண்டுபிடிப்பாளர் ஆக முடியாது என்பது அந்த நாட்டுச் சட்டம். இரு கம்பிச் சுற்று நான்கு கம்பியாக மாறும் இடத்தில்தான் எதிரொலி பிறக்கிறது என்பதையே நான்தான் அவருக்குப் படம் போட்டு விளக்கினேன்.

அது கிடக்கட்டும். நோட்டீஸின் வாசகத்தை இங்கே பின்னூட்டத்தில் ஒட்டாதீர்கள். ‘நாம் மீறுகிறோமோ’ என்று சக ஊழியருக்கு மின்னஞ்சலும் அனுப்பாதீர்கள். வழக்கு என்று வந்தால் அதைத்தான் முதலில் கேட்டு வாங்குவார்கள். எதுவானாலும் வழக்கறிஞரிடம் நேரில் சொல்லுங்கள்.