மேடைக்கு முக்காடு: மைக்செட்காரர் பதில்கள்

போன இதழில், எங்கள் ஊர் நடுவில் இருந்த பழைய சந்தைத் திடல் பூங்காவாகிவிட்டதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். கலைநிகழ்ச்சிக்கு மேடை, நடைபாதை, பிள்ளைகள் விளையாட ஒரு மூலை, நீரூற்று, புல்தரை எல்லாம் இருக்கிறது, மேடை மட்டும் தப்பான திசையில் நிற்கிறது என்று முடித்திருந்தேன். வழக்கமாக ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கேட்கிறவர்கள்கூட இந்த முறை பூங்காவைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதுதான்.

மேடைக்கு ஏது அண்ணே சரியான திசை, தப்பான திசை? வாஸ்து பார்க்கிறீர்களா?
— பாம்பன் வாசகர்

வாஸ்து இல்லை தம்பி, காற்று. பாம்பன்காரர் நீங்களே இதைக் கேட்கலாமா? சித்திரை கடைசியில் பிடிக்கிற கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, ஆவணி வரைக்கும் விடாது. எங்கள் மேடையின் வாய் நேர் மேற்கே பார்க்கிறது. கச்சானும் சாயங்கால வெயிலும் ஒன்றாகச் சேர்ந்து முகத்தில் அறையும்.

திறப்பு விழாவுக்கு மைக்செட் என்னுடையதுதான். முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒயிலாட்டம். பாவம், கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஆடினார்கள். கைத்துணியை வீசினால் அது அவர்கள் முகத்திலேயே வந்து ஒட்டியது. அப்புறம் பேச்சு. மைக்கில் காற்று மோதி ‘புர்ர்’ என்று ஒரே இரைச்சல். ஸ்பாஞ்சு மாட்டினேன், அடங்கவில்லை. என் கைக்குட்டையை இரண்டாக மடித்து அதன்மேல் போர்த்தி ரப்பர் பேண்ட் போட்டேன். பேச வந்தவர், “என்னப்பா, மைக்குக்கு முக்காடு போட்டிருக்கே?” என்றார். அன்று தெளிவாகக் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். கூட்டம் சிரித்தது.

இன்னொரு சங்கதியும் உண்டு. தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப் போக அதிகம். அதனால் எதிர்க்காற்றில் போகிற சத்தம் மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். காற்றோடு போகிற சத்தம் கீழே வளைந்து வெகுதூரம் கேட்கும். பின்வரிசைக்காரர்கள் கேட்கவில்லை என்று கையை ஆட்டுகிறார்கள். வால்யூமைக் கூட்டினால் முன்வரிசை காதைப் பொத்துகிறது, மைக் ‘கீ’ என்று கத்துகிறது. மேடைக்குப் பின்னால் கிழக்குத் தெருவில் வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா, மறுநாள் வரவேற்புரையை வரி பிசகாமல் எனக்கே ஒப்பித்தார்.

நம் பக்கத்து மேடைக்கு முதுகு தென்மேற்கில் இருக்க வேண்டும், வாய் வடகிழக்கில். வாடைக் காலத்தில் எதிர்க்காற்று அடிக்குமே என்பீர்கள். அடிக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் யார் வெட்டவெளியில் விழா வைக்கிறார்கள்? இப்போது என்ன செய்யலாம் என்று மேஸ்திரி ஒருவரிடம் கேட்டேன். பின்சுவரை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் வாய் வைக்கலாம் என்றார். அந்தப் பக்கம்தான் நீரூற்று கட்டியிருக்கிறார்கள்.

புல்தரை பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் நம் மாவட்டத்தில் நிற்குமா? மரம் வைப்பதென்றால் எது நல்லது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவிபட்டினம்

டீச்சர், புல் இப்போதே ஓரத்தில் பழுத்துவிட்டது. ஊற்றுவது போர்வெல் தண்ணீர். உப்புக் கரிக்கும் அந்தத் தண்ணீரைக் கோடை முழுக்க ஊற்றினால் உப்புதான் மண்ணில் மிஞ்சும். வருஷ மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிற பூமி இது. மற்ற நாளெல்லாம் புல்லுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்றால் ஊர் குடிப்பது எதை?

பூவரசு வையுங்கள் என்பேன். உப்புக்காற்றும் உவர்மண்ணும் அதற்குப் பழக்கம். கை கனத்துக்குப் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி மழைக்கு முன்னால் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், நாற்றுக்குச் செலவில்லை. வேம்பு, புங்கை, கடல் பக்கம் புன்னை. எங்கள் பூங்காவில் மேற்கு ஓரமாக இரண்டு வரிசை பூவரசு வைத்தால் சில வருஷத்தில் காற்றும் மட்டுப்படும், மேடைக்கு வெயிலும் மறையும். நட்டிருப்பதோ தொட்டியில் வந்த வெளியூர் அலங்காரப் பனை. சுற்றிலும் சொந்தப் பனை நிற்கிற மாவட்டத்தில்!

பூவரசுக்கு நான் கட்சி கட்டுவதில் சுயநலமும் உண்டு. அதன் இலையைச் சுருட்டி, நுனியைப் பல்லால் லேசாக அமுக்கி ஊதும் பீப்பீதான் நான் முதலில் கையாண்ட ஒலிக்கருவி.

எங்கள் ஊர்த் திருவிழா நாடகத்தைப் புதுப் பூங்கா மேடையில் நடத்தலாமா? இரவு பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்கிறார்களே.
— முதுகுளத்தூர் பக்கத்து வாசகர்

சரியாகத்தான் சொல்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்ற நாள்களுக்கு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளைத் தாண்டாமல்.

நம் நாடகமோ பத்து மணிக்குத்தான் கண்ணே விழிக்கும். ஆர்மோனியக்காரர் பாட்டு, பபூன் வந்து ஊரை இழுத்து ஒரு மணி நேரம், டான்ஸ், அதற்கப்புறம் ராஜபார்ட் திரை விலக்கி வரும்போது சிறுசுகள் பாயில் உருண்டு தூங்கியிருக்கும். அவரும் கதாநாயகியும் பாட்டும் பேச்சுமாக மோதிக்கொள்கிற தர்க்கம் சூடு பிடிக்க இரண்டு மணி ஆகிவிடும். ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதே முக்காலுக்கு மங்களம் பாடுங்கள் என்றால், கலைஞர்கள் செய்வார்கள். சம்பளம் வாங்கியிருக்கிறார்களே. ஆனால் பின்வரிசையில் போர்வை போர்த்திக்கொண்டு, ‘அடுத்து இதுக்கு அவ என்ன சொல்லுவா பாரு’ என்று பக்கத்து ஆளை இடிக்கிற ரசிகர் வர மாட்டார். பூங்காவில் எல்லாம் நடக்க வேண்டும் என்று இல்லை. நாடகம் கோயில் திடலில் அனுமதியோடு நடக்கட்டும். பூங்காவுக்குச் சிலம்பம், ஒயில், பட்டிமன்றம், பிள்ளைகள் பாட்டு போதும்.

மைக்கே இல்லாமலும் நடத்தலாம். சென்னையில் மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவில் ஒரு ஞாயிறு காலை, மைக் இல்லாமல் பிள்ளைகள் கச்சேரி செய்வதைப் பார்த்தேன். கேட்பவர்கள் கிட்டே நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள். என் அடுப்பில் நானே தண்ணீர் ஊற்றுகிறேன், தெரிகிறது.

பூங்காவில் எந்தப் பெஞ்சைப் பார்த்தாலும் ஆம்பிளைகள். நாங்கள் நாலைந்து பேர் போனால் சேர்ந்து உட்கார இடமில்லை. நிகழ்ச்சி என்றால் மட்டும் ‘மகளிர் திரளாக வாருங்கள்’ என்று நோட்டீஸ்!
— கீழக்கரை வாசகி

நியாயமான கோபம். சிமெண்ட் பெஞ்சு கிடக்கிற இடத்தில்தான் கிடக்கும், மூன்று பேருக்கு மேல் கொள்ளாது, வரிசையாக உட்கார்ந்தால் முகம் பார்த்துப் பேச முடியாது.

கட்டடக்கலை படிக்கிற என் பேத்தி ஒரு கதை சொன்னாள். நியூயார்க் நகர நடுவில் பிரையன்ட் பார்க் என்று ஒன்று. போதை விற்கிறவர்கள் கைக்குப் போய், பெண்கள் ஒதுங்கிப் போன இடம். வில்லியம் வைட் என்பவர், ஒரு பொது இடத்தில் பெண்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணினாலே அது நல்ல இடமா என்று தெரிந்துவிடும் என்று சொன்னவராம். அவர் யோசனை கேட்டு, உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியாமல் மறைத்த வேலிச்செடிகளை அகற்றினார்கள், வாசல்களை அகலப்படுத்தினார்கள், தூக்கி நகர்த்துகிற இரும்பு நாற்காலிகளை ஆயிரக்கணக்கில் போட்டார்கள். 1992இல் மறுபடி திறந்த பிறகு கூட்டம் தானாக வந்தது.

நம் ஊரில் நாற்காலி மிஞ்சுமா என்று உடனே ஒருவர் கேட்பார். விழாவுக்கு இருநூறு நாற்காலி இறக்கினால் எனக்குத் திரும்பி வராமல் போவது இரண்டு மூன்று. அதுவும் கால் உடைந்து ஓரத்தில் கிடக்கும். பந்தல்கார நண்பரிடம் சொல்லியிருக்கிறேன், பழைய நாற்காலி ஐம்பது தருகிறேன் என்றார். ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம். அனுமதி கேட்டு மனு கொடுத்தாயிற்று, ரசீது என் சட்டைப்பையில் இருக்கிறது.

எந்த மாதத்தில் விழா வைத்தால் கூட்டம் வரும்?
— ராமேஸ்வரம் வாசகர்

விசைப்படகுகள் கரையேறிக் கிடக்கிற மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். சாயங்காலம் எங்கே போவது என்று தெரியாமல் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கையில் காசு இருக்காது, அதனால் டிக்கெட் வைக்காதீர்கள். காற்றும் அப்போதுதான் ஆரம்பம். கைக்குட்டை கொண்டுவாருங்கள்.

பூங்கா மேடையில் கரண்ட் வசதி எப்படி இருக்க வேண்டும்? எங்கள் ஊரிலும் கட்டப் போகிறார்கள்.
— எலக்ட்ரீசியன், மண்டபம்

தொழில்காரர் கேட்கிறீர்கள், ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் மேடைக்குப் பின்னால் கணுக்கால் உயரத்தில் தகரப் பெட்டி, அதில் இரண்டு 5 ஆம்பியர் பிளக். திறந்து மூன்று மாதத்தில் நான் ஸ்க்ரூவைத் திருகினேன், தலை பொடியாகக் கையோடு வந்தது. உள்ளே செம்புக் கம்பி நுனியெல்லாம் பச்சைக் களிம்பு. மூலையில் ஒரு பல்லி முட்டை. மழைத் தண்ணீர் தேங்கினால் அந்த உயரத்துக்கு வரும்.

பிளாஸ்டிக் பெட்டி, நெஞ்சு உயரம், மேலே சின்னக் கூரை, பித்தளை ஸ்க்ரூ. விளக்குக்குத் தனி லைன், ஒலிக்குத் தனி லைன், குறைந்தது நாலு 15 ஆம்பியர் பிளக். மின்கசிவு வந்தால் கரண்டை உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள், வெறுங்காலோடு ஆடுகிற மேடை அது. எர்த் நம் உவர்மண்ணில் நன்றாகவே பிடிக்கும். அதே உப்பு எர்த் பைப்பையும் தின்றுவிடும், வருஷத்துக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள்.

இவ்வளவு குறை சொல்கிறீர்களே, அந்தப் பூங்காவுக்கு நீங்கள் போவதுண்டா?
— பெயர் எழுதாத வாசகர்

தினமும் காலை ஐந்தரைக்கு. கேட் பூட்டியிருக்கும். சாவி வைத்திருப்பவர் எதிர் டீக்கடையில் இருப்பார். ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு வந்து திறப்போம்.