லயன்ஃபிஷ் முள் குத்தினால் ஐஸ் வேண்டாம்

வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் லயன்ஃபிஷ் (விஷ முள் உள்ள கடல் மீன்) விரலில் குத்திவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஐஸை எடுத்துவிட்டு விரலை உடனே சுடுதண்ணீரில் வையுங்கள். லயன்ஃபிஷ் விஷம் ஒரு வகைப் புரதம், சூட்டில்தான் அதன் வீரியம் குறையும். அரை மணி நேரம் ஐஸ் வைத்தும் வலி ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

சூடு 45 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது, 30 முதல் 90 நிமிடம் வரை வைக்கலாம். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாமல் தோல் வெந்துவிடலாம், அதனால் முதலில் மற்றக் கையை விட்டுப் பாருங்கள். முள் நுனி உள்ளே உடைந்து நின்றால், ஆழமாக இருந்தால், நீங்களே தோண்டாதீர்கள்.

மூச்சு முட்டினால், தலை சுற்றினால், வீக்கம் மணிக்கட்டைத் தாண்டினால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோ பிடித்தாவது கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி பற்றியும் கேளுங்கள்.

அப்புறம், தொட்டிக் கண்ணாடி துடைக்கும்போது குத்தியது என்றீர்களே, அந்த மீன் பயந்தால் முதுகை நம் பக்கம் திருப்பும், முதுகில் மட்டும் 13 முள். இனி வெறுங்கையை உள்ளே விடாதீர்கள், வெளியே நின்றே கண்ணாடியைத் துடைக்க உதவும் மேக்னட் கிளீனர் (காந்தத் துடைப்பான்) போதும். செத்த மீனின் முள்ளிலும் விஷம் இருக்கும். சின்னப்பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் தொட்டி மூடியைத் தயவுசெய்து பூட்டியே வையுங்கள்.