கனமாராவில் வீடு பிடிபடவில்லையா? ஏர்கோடு கேளுங்கள்

அயர்லாந்தின் மேற்கே கனமாராவில், கராரோ என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் உங்கள் கணவரின் அத்தை வீட்டை மேப்பில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்கள். அத்தையிடம் உடனே ஏர்கோடு, அதாவது அந்த வீட்டுக்கே உரிய அஞ்சல் குறியீடு, கேட்டு வாங்குங்கள். எச்91 என்று தொடங்கி, மொத்தம் ஏழு எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அதை அப்படியே கூகுள் மேப்பில் போட்டால் அந்த வீட்டையே காட்டும்.

நீங்கள் போட்ட முகவரி ஊர் நடுவிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது என்றீர்கள். கராரோ பக்கம் பல வீடுகளுக்குக் கதவு எண்ணோ தெருப் பெயரோ கிடையாது; ஆள் பெயரும் சிற்றூர் பெயரும்தான் முகவரி. தபால்காரருக்கு அது போதும், மேப்புக்குப் போதாது. அதற்காகத்தான் 2015இல் வீட்டுக்கு ஒரு குறியீடு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக் குறியீட்டை வைத்து ஊகிக்க முடியாது, கடைசி நான்கும் வரிசையாக வராது.

கால்வே நகரிலிருந்து கிளம்பும் முன்பே போட்டுப் பாருங்கள். ஸ்பிடல் ஊர் வழியாகக் கடலோரமாக ஆர்336 சாலை, அப்புறம் காஸ்லா ஊரில் இடப்பக்கம் ஆர்343 சாலை என்று காட்டினால் சரி. அந்த இடத்தைச் சேமித்து, மேப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனம். அங்கே ஊர்ப் பலகைகள் ஐரிஷில் மட்டும்தான் இருக்கும், ஆகவே ஊர்ப் பெயரை ஐரிஷ் எழுத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசித் துண்டுச் சாலை இருபுறமும் கல் சுவரும் நடுவில் புல்லுமாக ஒரு கார் அகலம்தான் இருக்கும். எதிரே வண்டி வந்தால் யாராவது பின்னால் எடுத்தாக வேண்டும். குழந்தைகளோடு போகிறீர்கள், இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள்.