ஊட்டியில் வாடகை வீட்டு வராந்தாவில் ஓனர் சிகரெட் பிடிக்கிறார், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. எப்படிச் சொல்வது?

ஊட்டி என்று போட்டிருக்கிறீர்கள், அதனால் நிலைமை புரிகிறது. குளிருக்கு எல்லாவற்றையும் சாத்தி வைத்திருப்பீர்கள், வராந்தாப் புகை கதவிடுக்கில் நுழைந்து வெளியே போக வழியில்லாமல் கம்பளியில் ஏறிவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று யாராவது சொல்ல வருவார்கள், டிசம்பர் ராத்திரியில் அவரே வந்து திறந்து காட்டட்டும். திறந்தாலும் முழுசாகப் போகாது. அந்தப் புகையில் 7,000-க்கு மேல் ரசாயனம், அதில் 70 போல புற்றுநோய் உண்டாக்குபவை. குழந்தைக்கு வீசிங், நெஞ்சுச்சளி, காதுவலி எல்லாம் இதனால் வரும்.

கோத்தகிரியில் எனக்கு டீக்கடை. முன்பெல்லாம் வாசல் தூணில் பீடி, சிகரெட் பற்றவைக்கத் தீக்கயிறு தொங்கும், நுனி கனன்றுகொண்டே இருக்கும். மழை பிடித்தால் எல்லோரும் உள்ளே வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பற்றவைத்துக்கொண்டு உட்காருவார்கள். எங்கள் டீ மாஸ்டர் பீடியைத் தொட்டதே இல்லை, ஆனால் இருமல் விடாது, நாளெல்லாம் அந்தப் புகையில் நிற்பவர் அவர்தானே. ஒரு நாள் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, "பிடிக்கிறதுன்னா ரோட்டோரம் போங்கண்ணே" என்றேன். கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள், அப்புறம் வந்துவிட்டார்கள், மொறுமொறு வர்க்கி இங்கேதான்.

"சிகரெட்டை நீயே விற்கிறாயே" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், விற்கிறேன். உள்ளே பிடிக்காதே என்பதுதான் என் பேச்சு. அதுவும் நான் போட்ட சட்டம் இல்லை, 2003-இல் வந்தது, 2008 அக்டோபர் 2 முதல் கடை, ஆபீஸ், பஸ் எதிலும் பிடிக்கக் கூடாது, 200 ரூபாய் வரை அபராதம். 30 பேர் உட்காரும் ஓட்டல் என்றால் தனி அறை ஒதுக்கலாம், என்னிடம் இருப்பது இரண்டு பெஞ்சு. இதைப் பார்க்க ஒரு அதிகாரியும் வந்ததில்லை, பிளாஸ்டிக் கவர் என்றால் மட்டும் டாண் என்று வந்து நிற்பார்கள். 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் போட்டதிலிருந்து சனி ஞாயிறு வியாபாரமே படுத்துவிட்டது, அதைக் கேட்க நாதியில்லை. சரி, விடுங்கள்.

உங்களுக்கு அந்தச் சட்டம் உதவாது, அது பொது இடத்துக்கு. ஓனரைச் சிகரெட்டை விடச் சொல்லாதீர்கள், சண்டைதான் வரும். இடத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வாடகை கொடுக்கப் போகும்போது குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய், "கேட்டுப் பக்கம் நின்னு பிடிச்சீங்கன்னா புள்ளைக்கு நல்லது சார்" என்று, அவர் வீட்டம்மா காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள்.