எடை அதிகம் இருந்தால் லுக்கேமியாவுக்குக் கீமோ வேலை செய்யாதா?

தம்பிக்கு லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்), ஆள் நல்ல பருமன், கீமோ பலிக்காது என்று யாரோ சொன்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. 20 வயதில் 98 கிலோ உடம்போடு, லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் தொடங்கும் ஏ.எல்.எல். வகைக்குக் கீமோ எடுத்துக்கொண்டவன்.

பலிக்காது என்பது தப்பு. சிக்கல் கொஞ்சம் கூடும் என்பது நிஜம். ஏ.எல்.எல்.லில், குறிப்பாக 10 வயதைத் தாண்டியவர்களிடம், பருமன் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆய்வகத்தில் பார்த்தால், டானோரூபிசின் என்ற கீமோ மருந்தைக் கொழுப்புச் செல்களே உறிஞ்சிச் சிதைத்துவிடுகின்றன. ஆஸ்பராஜினேஸ் ஊசி நோய்ச் செல்லைப் பட்டினி போட்டுக் கொல்வது. கொழுப்புச் செல்லோ குளூட்டமைன் என்ற சத்தைச் சுரந்து அதற்குக் கொல்லைப்புறமாகத் தீனி போடுகிறது! அதே ஊசியால் பருமனான பெரியவர்களுக்குக் கல்லீரல் தொந்தரவும் அதிகம். எனக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகி, அடுத்த டோஸ் இரண்டு வாரம் தள்ளிப்போனது.

அப்புறம் மருந்தின் அளவு. உயரத்தையும் எடையையும் வைத்து உடல் பரப்பளவு கணக்கிட்டுத்தான் டோஸ் போடுவார்கள். குண்டானவர்களுக்கு உடம்பு தாங்காதோ என்று பயந்து குறைத்துக் கொடுக்கும் பழக்கம் ஒன்று இருந்தது. உண்மையான எடைக்கே முழு அளவு கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2012இல் வழிகாட்டியது, 2021இல் மறுபடியும் உறுதி செய்தது. வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தை மட்டும் பல இடங்களில் 2 மில்லிகிராமுக்கு மேல் போடமாட்டார்கள். அது நரம்பைக் காக்க, ஒல்லியானவருக்கும் அதே வரம்புதான். "முழு எடைக்குத்தானே கணக்கு?" என்று கேளுங்கள், தயங்க வேண்டாம்.

முதல் மாதச் சிகிச்சையில் கொடுக்கும் ஸ்டீராய்டு கிளப்பும் பசி பொல்லாதது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சாப்பிட்டு ஆறு கிலோ ஏற்றினேன், சர்க்கரையும் ஏறியது. 10 முதல் 21 வயது வரையிலான 40 பேரிடம் அந்த மாதத்தில் உணவைக் கட்டுப்படுத்தி, உடற்பயிற்சியும் கொடுத்துப் பார்த்த ஒரு சோதனை 2021இல் வெளியானது. முன்பு சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, எலும்பு மஜ்ஜையில் மிஞ்சிய நோய் இவர்களிடம் குறைவு. சின்னச் சோதனைதான். அதுவும் உணவு ஆலோசகர் கூடவே இருந்து நடத்தியது, வீட்டில் நாமாகப் பட்டினி கிடப்பது வேறு.

தம்பிக்கு எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. ஏ.எம்.எல். (மஜ்ஜையின் வேறு வகைச் செல்களில் தொடங்கும் லுக்கேமியா) என்றால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது, அங்கே ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. வகையைச் சொல்லுங்கள், தெரிந்ததை எழுதுகிறேன்.